சாட்சித் துண்டு

வாசகப் பெருமக்களுக்கு என் பணிவான வணக்கம். துப்பறியும் நாவல்களைக் கரைத்துக் குடித்த தங்கள் முன்னால், இதுவரை விண்ணப்பங்களைத் தவிர வேறெதையும் எழுதி அறியாத நான் பேனாவைத் திறந்திருப்பது அதிகப்பிரசங்கித்தனம் என்பதை உணர்ந்தே இருக்கிறேன். மன்னிக்க வேண்டுகிறேன். அறிவியல் விவரங்களைக் கூடிய வரை குறைத்துக்கொண்டேன். அப்படியும் சாயமும் கண்ணாடியும் ஓரிரு இடங்களில் குறுக்கே வந்து நிற்கின்றன. அவை இல்லாவிட்டால் கதையே இல்லை என்பதால் பொறுத்தருள வேண்டும்.

முந்தைய அத்தியாயங்களை வாசிக்க வாய்க்காதவர்களுக்காகச் சுருக்கம் இது. இதய நோயாளியான மாமனாருக்கு வேளை தவறாமல் மாத்திரை கொடுத்துவந்தவர் அவருடைய மருமகள். மாமனார் இறந்தார். மருமகள் அளவுக்கு மீறிக் கொடுத்துக் கொன்றுவிட்டார் என்று நாத்தனார் புகார் செய்தார். மருமகள் சிறையில் இருக்கிறார். "டாக்டர் சொன்ன அளவுதான் கொடுத்தேன்" என்பதற்கு மேல் அவரிடம் சொல்ல எதுவும் இல்லை. இந்த நிலையில் ஒரு மருத்துவர் வழிகாட்டினார்: இதயத் தசைக்குள் அமிலாய்டு என்னும் புரதம் படிந்திருந்தால், சரியான அளவு மருந்தே அந்த உடம்புக்கு நஞ்சாகிவிடக்கூடும். பிரேதப் பரிசோதனையில் எடுத்து மெழுகில் பதித்து வைத்திருந்த இதயத் துண்டை ஆய்வகம் சோதித்தது. அமிலாய்டு இருக்கிறது என்று அறிக்கையும் வந்துவிட்டது. மறுநாள் காலை விசாரணை. மருமகளின் கணவர் அமர்த்திய துப்பறிவாளர், அந்த அறிக்கை நீதிமன்றத்தில் நிற்குமா என்பதை நேரில் பார்த்துவிட ஆய்வகத்துக்கு வந்தார். உடன் வந்தவர் அவருடைய உதவியாளர். பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர் ஆதலால் அந்த அம்மையாரை எல்லோரும் கண்டக்டரம்மா என்றே அழைத்தனர்.

இனி அத்தியாயம்.

ஆய்வகத்துக்கு அன்று விடுமுறை. நீண்ட கூடத்தில் நாற்காலிகள் மேசைகளுக்குள் தள்ளப்பட்டிருந்தன. உருகிய மெழுகின் வாசனை மட்டும் வேலைக்கு வந்திருந்தது. கதவைத் திறந்துவிட்டவர் ஆய்வக நுட்பர். வெள்ளை அங்கியின் பித்தான்களைக் கழுத்து வரை போட்டிருந்த ஒல்லியான மனிதர்.

"வாங்க சார். தலைமை டாக்டர் போன் பண்ணிச் சொன்னாங்க. எல்லாம் எடுத்து வச்சிருக்கேன்." சற்றுத் தயங்கிவிட்டு அவர் கேட்டார்: "அவங்க... ஜெயில்ல இருக்கற அந்த அம்மா, உள்ள சரியா சாப்பிடுறாங்களா சார்?"

"சாப்பிடுறாங்கன்னுதான் வீட்டுக்காரர் சொன்னார்."

"நாங்க சாப்பிட்டோமான்னுதான் யாரும் கேக்க மாட்டேங்கறாங்க," என்றார் கண்டக்டரம்மா.

நுட்பர் சிரிக்கவில்லை.

கூடத்தின் நடுமேசையில், பக்கவாட்டில் கைச்சக்கரம் பொருத்திய ஓர் இயந்திரம் இருந்தது. சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றினால் மெழுகுக் கட்டி ஒருமுறை கத்தியில் உரசி இறங்கும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமாய் ஒரு சீவல் விழும். அதைத் தாண்டிக் கோடியில் இருந்தது நுண்ணோக்கி வைத்த இருட்டறை. முன்பு மருந்துப் புட்டிகளை அடுக்கும் கிடங்காக இருந்ததால் அதன் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. ஜன்னல் கிடையாது.

"போன், பை எல்லாம் வெளியவே வச்சிருங்க சார். உள்ள துளி வெளிச்சம் பட்டாலும் கண்ணு பழகாது."

இருவரும் அப்படியே செய்தனர். நுட்பர், இதயச் சீவல் ஒட்டிய கண்ணாடி ஸ்லைடை நுண்ணோக்கியில் வைத்து விளக்கை அணைத்தார்.

"இந்தச் சாயத்துக்குப் பேரு காங்கோ சிவப்பு. அமிலாய்டு இருந்தா அதுல ஒட்டிக்கும். சாதாரண வெளிச்சத்துல செங்கல் நிறமா தெரியும். ஆனா அதை மட்டும் நம்பிட முடியாது. இதுல வெளிச்சத்தை வடிகட்டற ரெண்டு வடிதகடு இருக்கு. ஒண்ணுக்கொண்ணு குறுக்கா திருப்பினா எல்லாம் இருட்டாயிடும். அமிலாய்டு மட்டும் பச்சையா எரியும். பாருங்க."

கண்டக்டரம்மா குனிந்து பார்த்தார். இருட்டுக்குள் காய் ஆப்பிளின் பச்சையில் தீவுகள் தீவுகளாக ஒளிர்ந்தன.

"சிக்னல் விழுந்துடுச்சு சார். வண்டியை எடுக்கலாம்."

"ஓரத்துல இன்னொரு துண்டு இருக்கே, அது என்ன?" என்று கேட்டார் துப்பறிவாளர்.

"அது சாட்சித் துண்டு. வேற ஒருத்தரோட இதயம். அமிலாய்டு இருக்குன்னு ஏற்கெனவே தெரிஞ்சது. அதை மொத்தமா சீவி எல்லா ஸ்லைடோட ஓரத்துலயும் முன்கூட்டியே ஒட்டி வச்சிருப்போம். பக்கத்துல நோயாளியோட துண்டை ஒட்டி, ரெண்டுக்கும் ஒண்ணாவே சாயம் போடுவோம். சாட்சி எரிஞ்சாத்தான் சாயம் சரி."

"சாட்சி பிறழ்ந்தா கேஸ் தள்ளுபடி," என்றார் கண்டக்டரம்மா.

"சாட்சியையும் கவனமா பாப்பீங்களா?" என்றார் துப்பறிவாளர்.

"அதை யாரு சார் உத்துப் பாக்கறாங்க. பச்சையா, ஆமா. அவ்வளவுதான்."

"வேற எங்க தப்பு வரலாம்?"

"தடிமன்ல வரும். தினசரி வேலைக்கு நாலு மைக்ரான்ல சீவுவோம்; மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு. இதுக்கு எட்டு, பத்தாவது வேணும். மெலிசா போனா அமிலாய்டு இருந்தாலும் பச்சை ஏறாது. இதெல்லாம் எங்களுக்கு முதல் பாடம் சார்."

துப்பறிவாளர் நிமிர்ந்தார். "நல்லது. ஒரே ஒரு உதவி. அசல் கட்டியில இருந்து இன்னொண்ணு புதுசா வெட்டிப் போட்டுடுங்க. நாளைக்கு நாத்தனாரோட வக்கீல் எழுந்ததும் அதைத்தான் கேப்பார். நாமளே முந்திக்கலாம்."

இருட்டில் நுட்பரின் முகம் தெரியவில்லை.

"இருங்க சார். கட்டியை எடுத்துட்டு வரேன்."

கதவு சாத்தப்பட்டது. அடுத்து, தாழ்ப்பாள் நகரும் ஓசை.

துப்பறிவாளர் கதவைத் தள்ளிப் பார்த்தார், தட்டினார், தோளால் இடித்தார். அந்தக் காலத்துக் கதவு அது, அசைந்து கொடுக்கவில்லை. கண்டக்டரம்மா தடவித் தடவி விளக்கைப் போட்டார். இருவர் நின்றால் மூன்றாமவர் மூச்சுவிட இடமில்லாத அறை. நுண்ணோக்கி, ஒரு முக்காலி, மூலையில் உடைந்த கண்ணாடி போடும் தகர டப்பா. அவ்வளவுதான்.

"விசில் கொடுக்காமலே வண்டியை எடுத்துட்டானே சார்."

வெளியே ஓர் ஓசை தொடங்கியது. கரக். சிறு இடைவெளி. கரக். கரக்.

"அந்தச் சக்கரம்," என்றார் துப்பறிவாளர்.

"நமக்காகத்தான் வெட்டறாரோ?"

"ஒண்ணு வெட்டறதுக்குக் கதவைப் பூட்டணுமா?"

ஓசை நிற்கவில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் மாமனாரின் இதயத்தில் ஒரு சீவல் குறைந்துகொண்டிருந்தது. கட்டி தீர்ந்துவிட்டால் உலகத்தில் எவராலும் அதைத் திரும்பச் சோதிக்க முடியாது. துப்பறிவாளர் கதவில் காதை வைத்தபடி நின்றார். காற்று வெதுவெதுப்பாக ஆகத் தொடங்கியிருந்தது.

"நம்ம பொண்ணைக் காப்பாத்தற கட்டி சார் அது. அதை எதுக்கு அழிக்கணும்?"

"காப்பாத்தாதுன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கணும். அந்த ஸ்லைடை இன்னொரு தடவை பாருங்க. பச்சையைப் பாக்காதீங்க. வடிவத்தைப் பாருங்க."

கண்டக்டரம்மா முக்காலியில் அமர்ந்தார். ஸ்லைடை இப்படியும் அப்படியும் நகர்த்தினார்.

"சார். இது ரெண்டும் ஒரே ஆள்."

"எப்படிச் சொல்றீங்க?"

"இந்தத் துண்டுல மேல் மூலையில ஒரு கிழிசல், அதை ஒட்டிச் சாவித் துவாரம் மாதிரி ஒரு ரத்தக் குழாய். ஓரத்துல இருக்கற சாட்சியைப் பாருங்க. அதே மூலை, அதே கிழிசல், அதே சாவித் துவாரம். பஸ்ஸுல முகத்தைப் பாத்தே காலம் தள்ளினவ நான். முன் வாசல்ல இறங்கி, சட்டையை மாத்திக்கிட்டுப் பின் வாசல்ல ஏறினாலும் பிடிச்சுடுவேன்."

துப்பறிவாளர் தாமே பார்த்தார். ஐயத்துக்கு இடமில்லை. மாமனாரின் இதயம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது சாட்சிக் கட்டியிலிருந்து சீவிய இன்னொரு துண்டு. சாட்சியே நோயாளியின் வேடத்திலும் வந்து நின்றிருந்தது. தம் கட்சிக்காரரை விடுவிக்கும் ஒரே ஆதாரம் பொய் என்பதைத் தாமே கண்டுபிடித்துவிட்ட துப்பறிவாளரின் நிலையை வாசகர்களின் கற்பனைக்கே விட்டுவிடுகிறேன்.

"சார், ஒண்ணு கேக்கலாமா," என்றார் கண்டக்டரம்மா, குரலைத் தாழ்த்தி. "இதை நாம பாக்கலைன்னு வச்சுக்கிட்டா? அந்தப் பொண்ணு நாளைக்கு வீட்டுக்குப் போயிடும்."

"நீங்க பாத்ததை எதிர்த்தரப்புல யாராவது பாப்பாங்க. அப்புறம் அவங்க எப்பவுமே வெளிய வர முடியாது."

கரக். கரக்.

கண்டக்டரம்மா கதவை வெறித்தார். "ஒரு சந்தேகம் சார். ஸ்லைடு வெட்டறவருக்குக் கைதி சாப்பிட்டா என்ன, சாப்பிடாட்டா என்ன?"

துப்பறிவாளர் சட்டென்று கதவருகே போய், உரத்துக் கத்தாமல், பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதுபோல் கேட்டார்: "தம்பி, அவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

சக்கரம் நின்றது.

"எங்க அக்கா," என்றது வெளியே இருந்த குரல்.

"வீட்டுக்காரர் சொல்லவே இல்லையே."

"அவருக்குத் தெரியாது சார். கல்யாணத்துக்கு முன்னாடியே நான் சண்டை போட்டுக்கிட்டு வீட்டை விட்டு வந்துட்டேன். இங்கயும் யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா இந்தக் கட்டியைத் தொடவே விட்டிருக்க மாட்டாங்க. முதல்ல நேர்மையாத்தான் சார் செஞ்சேன். சாட்சி எரிஞ்சுது. மாமனாரோட துண்டு இருட்டாவே கிடந்துது. எத்தனை தடவை திருப்பிப் பாத்தாலும் இருட்டு. அவ செஞ்சிருக்க மாட்டா, எனக்குத் தெரியும். ஆனா ஸ்லைடு இல்லங்குது. நான் என்ன செய்யட்டும்? சாட்சிக் கட்டியையே இன்னொரு தடவை சீவி ஒட்டிட்டேன்."

"இப்ப அசலையும் அழிக்கறீங்க."

"இது தீர்ந்துட்டா யாரும் எதையும் திரும்பக் கேக்க முடியாது. மன்னிச்சிருங்க சார். கொஞ்சம்தான் பாக்கி. முடிஞ்சதும் திறந்துவிட்டுடறேன்."

கரக். கரக்.

"அந்த முதல் ஸ்லைடு எங்க தம்பி?"

"அங்கதான். கண்ணாடி டப்பாவுல போட்டேன். அதுல ஒண்ணும் இல்ல சார்."

கண்டக்டரம்மா அதற்குள் டப்பாவைக் கவிழ்த்துவிட்டிருந்தார். வழக்கு எண்ணைப் பென்சிலில் எழுதிய ஸ்லைடு, ஒரு முனை உடைந்து, அடியில் கிடந்தது. துப்பறிவாளர் அதை நுண்ணோக்கியில் ஏற்றினார். தம்பி பொய் சொல்லவில்லை. சாட்சி பச்சையாக எரிந்தது. பக்கத்தில் இருந்த துண்டு மூடிய கண்போல் இருண்டு கிடந்தது. வடிதகட்டைத் திருப்பி விட்டுச் சாதாரண ஒளியில் பார்த்தார். சாட்சி செக்கச்செவேலென்றிருக்க, மற்றது கழுவிய துணிபோல் வெளிறி இருந்தது.

அவருடைய விரல்கள் குவியத்தை மேலும் கீழும் நகர்த்தும் நுண்திருகில் நின்றன. சாட்சித் துண்டின் மேல் திருகைத் துளித்துளியாகத் திருப்பினார். மேல்தளம் மங்க, அடியில் இன்னொரு தளம் தெளிந்து, அதுவும் மங்கியது. மற்றத் துண்டுக்கு நகர்ந்து அதே அளவு திருப்பினார். அங்கே ஒரே ஒரு தளம்தான். தெரிந்தது, உடனே மொத்தமாக மறைந்தது.

"கண்டக்டரம்மா, இங்க பாருங்க. ஒண்ணு கம்பளி. இன்னொண்ணு?"

"சல்லாத் துணி," என்றார் அவர் பார்த்துவிட்டு. பிறகுதான் அவருக்கு விளங்கியது. அவரே கதவைக் குத்தினார். "தம்பி, சக்கரத்தை நிறுத்து. சொல்றதைக் கேளு. நிறுத்துப்பா."

சக்கரம் தயங்கியது.

துப்பறிவாளர் பேசினார். "அந்த மெஷின்ல இப்ப அளவு என்ன காட்டுது?"

"என்ன சார்?"

"கட்டியைத் தீர்க்கணும்னு உக்காந்தீங்க. சீக்கிரம் முடியணும்னா அளவைக் கூட்டித்தானே வச்சிருப்பீங்க? பாருங்க, என்ன காட்டுது?"

கூடத்தில் நாற்காலி கிறீச்சிட்டது.

"நாலு," என்றது குரல்.

"இப்பவும் பாக்காமத்தான் உக்காந்தீங்க. அன்னைக்கு?"

தினமும் நாலில் சீவிச் சீவிப் பழகிய கை. அக்காவின் வழக்கு எண்ணைக் கண்டு அவசரப்பட்ட கை. எல்லோரும் அன்றாட வேலைக்கு வைத்துவிட்டுப் போன அளவிலேயே சக்கரத்தைச் சுற்றியிருந்தது. சாட்சித் துண்டு எப்போதோ தடிமனாகச் சீவி ஒட்டியது; ஆகவே அது எரிந்தது. அது எரிந்ததாலேயே மற்றது இருண்டதைத் தம்பி நம்பிவிட்டார்.

தாழ்ப்பாள் நகர்ந்தது. வாசலில் நின்ற தம்பியின் அங்கியெங்கும் மெழுகுச் சீவல்கள் ஒட்டியிருந்தன. தரையெல்லாம் வெள்ளைச் சுருள்கள். அவர் உள்ளங்கையை விரித்துக் கட்டியைக் காட்டினார். மெழுகின் நடுவே, இதயத் துண்டு நகக்கண் அளவுக்குப் பழுப்புப் படலமாக எஞ்சியிருந்தது. பார்க்காமல் விட்ட அந்த நாலுதான் அவ்வளவையாவது மிச்சம் வைத்திருந்தது.

"தடிமனா ஒண்ணு வரும் சார். ரெண்டாவது வராது."

"அப்ப வெட்டுப்பா," என்றார் கண்டக்டரம்மா.

"இருங்க," என்றார் துப்பறிவாளர். "முதல்ல தலைமை டாக்டரைக் கூப்பிடுங்க. நடந்ததை எல்லாம் சொல்லிடுங்க. அவங்க வந்து பக்கத்துல நின்ன அப்புறம் வெட்டுங்க. இந்தத் தடவை சாட்சி ஒரு ஆளா இருக்கட்டும்."

தம்பி அவரை நிமிர்ந்து பார்த்தார். "சொன்ன பிறகு இருட்டா வந்துதுன்னா?"

"அப்ப உங்க அக்காவும் போச்சு, நீங்களும் போச்சு. நீங்களும் நாங்களும் மட்டும் பாத்ததை யாரும் நம்ப மாட்டாங்க தம்பி. இனிமே உங்க கை பட்டது எதையுமே நம்ப மாட்டாங்க."

கதவு திறந்துதான் இருந்தது. இருந்தும் அந்த நேரத்தில் மூவரும் இருட்டறைக்குள் இருந்ததைவிடவும் நெருக்கமாக அடைபட்டிருந்தனர். தம்பி மேசையில் இருந்த தம்முடைய கைப்பேசியை எடுத்தார். வைத்தார். மறுபடி எடுத்தார். "மேடம், ஒரு தப்பு பண்ணிட்டேன்," என்று தொடங்கினார்.

தலைமை மருத்துவர் வீட்டுச் செருப்போடு வந்து சேர்ந்தார். ஐம்பதைக் கடந்த அந்த அம்மையார் எவரையும் திட்டவில்லை. இரண்டு ஸ்லைடுகளையும் பார்த்தார். "சாவித் துவாரம். என் கண்ணு முன்னாடியே இருந்திருக்கு. நான் பச்சையை மட்டும் பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டேன்," என்றார். பிறகு தம்பியிடம், "உக்காரு. நான் பாத்துட்டு இருக்கேன். அளவை வாய்விட்டுச் சொல்லு," என்றார்.

"பத்து, மேடம்."

"இன்னொரு தடவை."

"பத்து."

கை நடுங்கியது. கண்டக்டரம்மா அருகில் வந்து நின்றார். "நடுங்கினா நடுங்கட்டும்பா. வண்டி குலுங்குதுன்னு டிக்கெட் கிழிக்காம இருந்தோமா நாங்க?"

கரக்.

ஒரே ஒரு சீவல் விழுந்தது. தண்ணீரில் மிதக்கவிட்டு, சாட்சி ஒட்டிய ஸ்லைடில் ஏந்தி, உலர்த்தி, சாயத்தில் இட்டுக் கழுவி எடுக்கும் வரை எவரும் நாற்காலியில் உட்காரவில்லை. இருட்டறைக்குள் தலைமை மருத்துவர் முதலில் குனிந்தார். வடிதகட்டைத் திருப்பினார். நெடுநேரம் நிமிரவில்லை.

"சாட்சி எரியுது," என்றார்.

தம்பி ஓர் அடி முன்னால் வைத்தார்.

"இது அதைவிட அதிகமா எரியுது. வந்து பாரு."

தம்பி பார்த்தார். கணினியில் பச்சையின் பரப்பை அளந்தபோது, அவர் பொய்யாக ஒட்டிய துண்டைக் காட்டிலும் மாமனாரின் இதயத்தில் அது கூடுதலாகவே இருந்தது.

மறுநாள் தலைமை மருத்துவர் நீதிமன்றத்தில் எல்லாவற்றையும் சொன்னார். எதிர்த்தரப்பு மறுசோதனை கேட்டது. வெட்டுவதற்குக் கட்டியில் ஏதும் இல்லை. அந்த ஒற்றை ஸ்லைடு வேறோர் ஆய்வகத்துக்குப் போய், அங்குள்ளவர்கள் பார்த்து, ஒப்புக்கொண்டு எழுதித் திரும்பி வரும் வரை அக்கா உள்ளேயே இருந்தார். அவர் வெளியே வந்த வாரம், பொய்ச் சாட்சியம் உண்டாக்கியதற்காகத் தம்பி உள்ளே போனார். சிறை வாசலில் காத்திருந்த துப்பறிவாளரிடம் அக்கா வேறெதுவும் கேட்கவில்லை.

"அவன் உள்ள சரியா சாப்பிடுறானா சார்?"

இந்த அத்தியாயத்தில் இழந்தவற்றை மட்டும் சொல்லி விடைபெறுகிறேன். அக்காவுக்கு, சிறையில் கழிந்த ஒரு முழு மழைக்காலம். தம்பிக்கு வேலையும், இனி எந்த ஆய்வகத்திலும் நுழையும் தகுதியும். தலைமை மருத்துவருக்கு, தம் கையெழுத்தின் மேல் தமக்கிருந்த நம்பிக்கை. நாத்தனாருக்கு, அப்பாவின் சாவுக்குக் காரணமென்று சுட்டிக்காட்ட ஓர் ஆள். ஒரே வீட்டில் பிறந்த இருவருக்கு, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடக் கிடைத்திருக்கக்கூடிய நாட்கள். மெழுகுக் கட்டியில் மீதி ஏதுமில்லை.